கேட்டீங்க, சொல்றோம்: ஹீட் பம்ப் தெர்மோஸ்டாட் மாட்டுறதும் செட் பண்றதும்

குளிர் ஆரம்பிச்சா இந்தப் பகுதிக்கு வர்ற கடிதாசு எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சுடும். அதனால இந்த இதழ்ல வேற எதுவும் கிடையாது, முழுக்க ஹீட் பம்ப் தெர்மோஸ்டாட்தான். ஹீட் பம்ப்ங்கிறது குளிர்ல வீட்டைச் சூடாக்கி வெயில்ல குளிராக்குற மெஷின், அதை எப்போ ஓட்டணும்னு சொல்ற சுவத்துப் பொட்டிதான் தெர்மோஸ்டாட். ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், கீழ வர்ற ஆர், சி, ஒய் எழுத்துக் கணக்கெல்லாம் வட அமெரிக்க வீடுகள்ல இருக்குற, குழாய் வழியா ரூம் ரூமா காத்து அனுப்புற 24 வோல்ட் டக்ட் சிஸ்டத்துக்கு. டிகிரின்னு சொல்றதெல்லாம் செல்சியஸ். ரிமோட்டோட வர்ற சுவர் ஸ்ப்ளிட் யூனிட்டுக்கு இது பொருந்தாது.

கேள்வி: சார், பழைய தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டு புதுசு மாட்டலாம்னு இருக்கேன். வாங்கப் போனா ஹீட் பம்புக்கா சாதாரண ஹீட்டிங்குக்கான்னு கேக்கறாங்க. எங்க வீட்டுல எது இருக்குன்னே தெரியல.

பதில்: வீடு சூடாகிட்டு இருக்குற நேரத்துல வெளிய போய் அந்தப் பெரிய ஃபேன் பொட்டியைப் பாருங்க. குளிர்லயும் அது ஓடிட்டு இருந்தா ஹீட் பம்ப். வெறும் ஏசி பொட்டின்னா குளிர் காலம் முழுக்க சும்மா கெடக்கும். இன்னொரு அடையாளம், பழைய தெர்மோஸ்டாட்டோட மூடியைக் கழட்டினா ஓ இல்ல பி-ன்னு எழுதின இடத்துல ஒரு வயர் இருக்கும், இல்லன்னா ஆக்ஸ் (துணைக்கு வர்ற ஹீட்), ஈஎம் ஹீட் (எமர்ஜென்சி ஹீட்)னு ஏதாவது பட்டன் இருக்கும்.

வித்தியாசம் என்னன்னா, கேஸை எரிச்சு சூடு குடுக்குற கேஸ் ஃபர்னஸ் வீட்டுல சூடாக்குறது ஒரு மெஷின், குளிராக்குறது வேற மெஷின், தெர்மோஸ்டாட் எதை ஆன் பண்ணணும்னு மட்டும் பாத்தா போதும். ஹீட் பம்புல ரெண்டு வேலையும் ஒரே கம்ப்ரஸர்தான் பாக்குது, உள்ள ரிவர்ஸிங் வால்வுன்னு ஒண்ணு, ஏசில இருக்குற மாதிரி உள்ள சுத்துற கூலிங் கேஸ் ஓடுற திசையைத் திருப்பி விடும். அந்த வால்வை எப்போ திருப்பணும், கம்ப்ரஸரால மட்டும் முடியாதப்போ ஆக்ஸ் ஹீட்டை எப்போ கூப்பிடணும், இது ரெண்டும் தெரிஞ்ச தெர்மோஸ்டாட்தான் உங்களுக்கு வேணும். இப்ப வர்ற பல மாடல்கள் ரெண்டு வகைக்கும் ஒத்து வரும், ஆனா பெட்டில ஹீட் பம்ப்னும் எத்தனை ஸ்டேஜ்னும் (சூட்டை எத்தனை படியாக் கூட்டும்னு) போட்டிருக்கான்னு படிச்சுட்டு வாங்குங்க.

வாங்குறதுக்கு முன்னாடி பழசைக் கழட்டிப் பாக்குறப்போ ரெண்டு விஷயம் கண்ணுல பட்டா அதோட நிறுத்திடுங்க. ஒண்ணு, தடித்தடியா ரெண்டு இல்ல நாலு வயர், முனையில பிளாஸ்டிக் தொப்பி போட்டு முறுக்கி இருந்தா அது 120 இல்ல 240 வோல்ட் நேரா வர்ற லைன், இந்த 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டை அதுல வச்சா எரிஞ்சே போயிடும். ரெண்டாவது, ஆர், ஒய், ஜி எதுவும் இல்லாம ஏ, பி-ன்னோ 1, 2, 3-ன்னோ எழுத்து இருந்தா அனேகமா அது மெஷினும் தெர்மோஸ்டாட்டும் டேட்டாவுல பேசிக்கிற, கம்ப்ரஸர் வேகம் கூடிக் குறையுற இன்வெர்ட்டர் சிஸ்டமா இருக்கும். அதுக்கு அந்தக் கம்பெனி தெர்மோஸ்டாட்தான் போடணும்.

கேள்வி: எட்டு வயர் தொங்குது அண்ணே, கலர் கலரா. யூட்யூப்ல சொல்ற கலரும் எங்க வீட்டுக் கலரும் ஒத்தே வரல. எது எதுக்குன்னு ஒரு தடவை சொல்லிடுங்க.

பதில்: கலரை மறந்துடுங்க. அன்னைக்கு வயர் இழுத்தவர் கையில எது மீதி இருந்துச்சோ அதைப் போட்டிருப்பார். பழைய தெர்மோஸ்டாட்டுல அந்த வயர் எந்த எழுத்துல மாட்டி இருந்துச்சோ அதுதான் கணக்கு.

முதல் வேலை பிரேக்கர். ஹீட் பம்ப் வீட்டுல ஒரு பிரேக்கர் போதாது, வீட்டுக்குள்ள காத்தைத் தள்ளுற பொட்டியான ஏர் ஹேண்ட்லருக்கு ஒண்ணு, வெளிய இருக்குற யூனிட்டுக்கு ஒண்ணு, ஹீட்டர் காயிலுக்கு சில வீட்டுல தனியா இன்னொண்ணு, எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. தெர்மோஸ்டாட் ஸ்க்ரீன் அணைஞ்சுட்டா கரண்ட் போயிடுச்சுன்னு நம்பாதீங்க, பேட்டரி போட்ட மாடல்னா கரண்ட் இல்லாமலே எரியும், அதே மாதிரி செத்த ஸ்க்ரீனுக்குப் பின்னாடி கரண்டும் இருக்கலாம். மீட்டர் வச்சிருந்தா ஆர்-க்கும் சி-க்கும் நடுவுல வச்சுப் பாருங்க. அப்புறம் போன்ல பளிச்சுன்னு ரெண்டு மூணு போட்டோ, ஒவ்வொரு வயருக்கும் எழுத்து எழுதின டேப், அதுக்கப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவர். கழட்டின வயர் கட்டை ஒரு பென்சில்ல சுத்தி வச்சுக்கோங்க, சுவத்துக்குள்ள நழுவிப் போச்சுன்னா தூண்டில் போட்டு எடுக்க வேண்டி வரும்.

இப்ப எழுத்துங்க. ஆர்-ங்கிறது 24 வோல்ட் உள்ள வர்ற வயர், சி அது திரும்பிப் போற காமன். ஒய் கம்ப்ரஸர், ரெண்டு ஸ்டேஜ் மெஷினா இருந்தா ஒய்2-ன்னு இன்னொண்ணும் இருக்கும். ஜி உள்ள இருக்குற ஃபேன். ஓ இல்ல பி நான் மேல சொன்ன ரிவர்ஸிங் வால்வு. டபிள்யூ2 இல்ல ஆக்ஸ்-ங்கிறது துணைக்கு வர்ற ஹீட், ஈ எமர்ஜென்சி ஹீட். எல்-னு ஒண்ணு இருந்தா அது கோளாறு லைட்டுக்கு, புதுசுல அந்த இடம் இல்லன்னா டேப் சுத்தி ஓரமா விட்டுடலாம். பழசுல டபிள்யூ2-க்கும் ஈ-க்கும் நடுவுல, இல்ல ஆர்-க்கும் ஆர்சி-க்கும் நடுவுல குட்டியா ஒரு ஜம்பர் துண்டு இருக்கலாம், அது சுவத்துல இருந்து வர்ற வயர் இல்ல, அதை எண்ணிக்கையில சேக்காதீங்க. புதுசுக்கு ஜம்பர் வேணுமா வேணாமான்னு அதோட புக்லெட் சொல்லும்.

ஒரே ஒரு இடத்துல ஜாக்கிரதை. ஓ-லயும் வயர், பி-லயும் தனியா ஒரு வயர்னு ரெண்டுமே இருந்தா கையை எடுத்துடுங்க. ட்ரேன் மாதிரி சில கம்பெனி சிஸ்டத்துல பி-ங்கிறது வால்வே கிடையாது, அதுதான் காமன். அதைக் கொண்டு போய் புதுசுல ஓ/பி-ன்னு எழுதின ஓட்டையில சொருகினா தெர்மோஸ்டாட் அதுக்கு 24 வோல்ட்டை அனுப்பும், அது நேரா ஷார்ட், ஃபியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லன்னா டிரான்ஸ்ஃபார்மரும் போகும். இந்த மாதிரி சந்தேகம் வந்தா ஏர் ஹேண்ட்லர் மூடியைத் திறந்து அந்த வயரோட அடுத்த முனை போர்டுல எந்த எழுத்துல இருக்குன்னு பாத்துட்டா கதை முடிஞ்சுது.

வயர் மாட்டினதும் சுவத்து ஓட்டையைக் கொஞ்சம் பட்டியோ பஞ்சோ வச்சு அடைச்சுடுங்க. இதை நிறைய பேர் விட்டுடறாங்க. சுவத்துக்குள்ள இருந்து வர்ற குளிர்க் காத்து நேரா சென்சார் மேல அடிச்சா வீடு சூடா இருந்தாலும் தெர்மோஸ்டாட் குளிருதுன்னுதான் சொல்லிட்டு இருக்கும்.

கேள்வி: வைஃபை தெர்மோஸ்டாட் வாங்கிட்டேன், ஆனா எங்க வீட்டுல சி வயர் இல்ல. திருப்பிக் குடுத்துடவா?

பதில்: அவசரப்படாதீங்க. சுவத்துல இருந்து வர்ற கேபிளைக் கொஞ்சம் வெளிய இழுத்துப் பாருங்க, யாரும் பயன்படுத்தாத ஒரு வயர் பின்னாடி மடிச்சு சுத்தி வச்சிருப்பாங்க. அது இருந்தா ரெண்டு முனையிலயும் சி-ல மாட்டிட்டா முடிஞ்சுது, ஆனா ரெண்டு முனையிலயும்ங்கிறதை மறந்துடாதீங்க, ஏர் ஹேண்ட்லர் பக்கம் மாட்டாம தெர்மோஸ்டாட் பக்கம் மட்டும் மாட்டிட்டு ஏன் எரியலன்னு கேக்குற கடிதாசு வருஷா வருஷம் வருது. உபரி வயர் இல்லன்னா ஒரே வயர்ல ரெண்டு சிக்னல் அனுப்புற அடாப்டர் கிட் இருக்கு, பக்கத்துல பிளக் பாயிண்ட் இருந்தா 24 வோல்ட் தனி டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கு. ஜி வயரைக் கழட்டி சி ஆக்கிடலாம்னு சிலர் சொல்வாங்க. ஹீட் பம்புல அதைச் செய்யாதீங்க, கேஸ் ஃபர்னஸ் தன் ஃபேனைத் தானே ஓட்டிக்கும், ஹீட் பம்புக்கு சூடாக்கும்போதும் ஃபேன் ஓட ஜி வேணும்.

கேள்வி: எல்லாம் மாட்டி முடிச்சாச்சு. ஹீட் போட்டா ஜில்லுன்னு காத்து வருது, கூல் போட்டா சூடு. மெஷின் கெட்டுப் போச்சா?

பதில்: மெஷின் நல்லாத்தான் இருக்கு, மெனுவுல ஒரே ஒரு ஆப்ஷன் தப்பு. ரிவர்ஸிங் வால்வுக்கு எப்போ கரண்ட் குடுக்கணும்ங்கிறதுல ரெண்டு கட்சி இருக்கு. பெரும்பாலான கம்பெனி குளிராக்கும்போது குடுக்கும், அதுக்குப் பேர் ஓ. ரீம், ரூட் மாதிரி சிலது சூடாக்கும்போது குடுக்கும், அது பி. இன்ஸ்டாலர் செட்டிங்ல ஓ/பி-ன்னு இருக்குறதை மாத்திப் போட்டீங்கன்னா சரியாயிடும், வயரைத் தொடவே வேணாம்.

உங்களுக்கு உடனே தெரிஞ்சது நல்லதாப் போச்சு. கடுங்குளிர்ல இதே தப்பு நடந்தா சில வீட்டுல தெரியவே தெரியாது. எப்படின்னா கம்ப்ரஸர் வீட்டைக் குளிராக்கும், வெப்பநிலை இறங்குறதைப் பாத்து தெர்மோஸ்டாட் ஆக்ஸ் ஹீட்டைக் கூப்பிடும், அது அந்தக் குளிரையும் மீறி வீட்டைச் சூடாக்கும், வீட்டுல இருக்குறவங்களுக்குக் கதகதப்பா இருக்கேன்னு தோணும், ரெண்டு மெஷினும் உள்ளுக்குள்ள மல்லுக்கட்டிட்டு இருக்குறது கரண்ட் பில் வந்தாத்தான் தெரியும். அதனால மாட்டின அன்னைக்கே டெஸ்ட் பண்ணுங்க. இப்ப இருக்குற வெப்பநிலைக்கு ஒரு டிகிரி மட்டும் மேல வச்சு ஹீட் போடுங்க, வெளிய யூனிட் ஓடணும், ஸ்க்ரீன்ல ஆக்ஸ்னு வரக் கூடாது, பத்து நிமிஷத்துல காத்து வெதுவெதுன்னு வரணும். போட்ட உடனே ஓடலன்னா பதறாதீங்க, கம்ப்ரஸரைக் காப்பாத்த 5 நிமிஷம் காத்திருக்குற டைமர் அது. வெளிய நல்ல குளிரா இருக்கும்போது கூலிங்கை டெஸ்ட் பண்றேன்னு ஓட்டாதீங்க, அதை வெயில் வந்தப்புறம் பாத்துக்கலாம்.

கேள்வி: புதுசு மாட்டினேன், ஸ்க்ரீனே வரல.

பதில்: மொதல்ல ஏர் ஹேண்ட்லர் கதவு சரியா மூடி இருக்கான்னு பாருங்க, பல மெஷின்ல கதவுக்குப் பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கு, கதவு லேசாத் திறந்திருந்தாலும் கரண்ட் வராது. அடுத்தது போர்டுல கார்ல வர்ற மாதிரி 3 இல்ல 5 ஆம்பியர் ஃபியூஸ், பிரேக்கரை ஆஃப் பண்ணாம வேலை செஞ்சு ஆர் வயர் எங்கயாவது உரசி இருந்தா அதுதான் போயிருக்கும். அதே ஆம்பியர்ல வேற போடுங்க, பெருசு போட்டா நல்லதுன்னு நினைக்காதீங்க. மூணாவது, தண்ணி வடியிற தட்டுல, தண்ணி ஏறினா கரண்டை நிறுத்துற ஃப்ளோட் சுவிட்ச் இருந்து தட்டு நிறைஞ்சிருந்தாலும் ஸ்க்ரீன் அணையும்.

கேள்வி: ராத்திரி 16, காலையில 21, ஆபீஸ் போனதும் 15, சாயந்திரம் 21-ன்னு அழகா ப்ரோகிராம் பண்ணி வச்சேன். பில் குறையும்னு பாத்தா ஏறிடுச்சு! ஏன் சார்?

பதில்: உங்க ப்ரோகிராம் கேஸ் ஃபர்னஸுக்கு எழுதினது, அதை ஹீட் பம்ப் தலையில கட்டிட்டீங்க.

ஹீட் பம்ப் வெளிக்காத்துல இருக்குற சூட்டை உள்ள அள்ளிட்டு வருது. அதனால 1 யூனிட் கரண்டுக்கு மிதமான குளிர்ல 3 யூனிட் சூடு கூட கிடைக்கும், குளிர் ஏற ஏற அது 2-க்குப் பக்கத்துல இறங்கும். ஆக்ஸ் ஹீட்ங்கிறது பெரும்பாலான வீட்டுல டோஸ்டர் கம்பி மாதிரி எரியிற ஹீட்டர் காயில், அதுல 1 யூனிட்டுக்கு 1 யூனிட்தான், ஒரு பைசா கூட மேல வராது. ஹீட் பம்ப் மெதுவாத்தான் ஏத்தும். காலையில திடீர்னு 5 டிகிரி ஏத்துன்னு சொன்னா இது நம்மால ஆகாதுன்னு தெர்மோஸ்டாட் ஆக்ஸைக் கூப்பிட்டுடும், ராத்திரி பூரா மிச்சம் பிடிச்சது அந்த ஒரு மணி நேரத்துல போயிடும். நீங்க ஒரு நாளைக்கு ரெண்டு தடவை அந்த வேலையைச் செஞ்சிருக்கீங்க.

என் அபிப்பிராயம், குளிர் காலத்துல ஹீட் பம்பை ஒரே அளவுல வச்சுட்டு மறந்துடறதுதான் நல்லது. ராத்திரி கொஞ்சம் குளிரா இருந்தாத்தான் தூக்கம் வரும்னா 1 டிகிரி, மிஞ்சிப் போனா 2 டிகிரி இறக்குங்க. வெயில் காலத்துல இந்தக் கட்டுப்பாடு கிடையாது, கூலிங்குக்கு ஆக்ஸ்னு ஒண்ணு இல்லையே, வெளிய போகும்போது தாராளமா ஏத்தி விட்டுட்டுப் போகலாம். பல நாள் ஊருக்குப் போறீங்கன்னா குளிர் காலத்துலயும் நல்லா இறக்கலாம், பைப் உறையாத அளவுக்கு வச்சுட்டுப் போங்க, திரும்பி வந்தப்புறம் ஒரேயடியா ஏத்தாம ஒவ்வொரு டிகிரியா ஏத்துங்க.

ஆனா அதை விட முக்கியமானது ஷெட்யூல் பக்கத்துல இல்லவே இல்ல, இன்ஸ்டாலர் மெனுவுக்குள்ள இருக்கு, அங்க யாரும் போறதில்ல. மூணு விஷயம் பாருங்க. ஆக்ஸ் லாக் அவுட்னு ஒண்ணு, வெளி வெப்பநிலை இதுக்கு மேல இருந்தா ஆக்ஸ் வரவே கூடாதுங்கிற கட்டளை, 4 இல்ல 5 டிகிரின்னு ஆரம்பிச்சு வீடு தாங்குதான்னு பாத்து இன்னும் கீழ கொண்டு போகலாம். இதுக்கு தெர்மோஸ்டாட்டுக்கு வெளி வெப்பநிலை தெரியணும், வைஃபை மாடல் இன்டர்நெட்ல எடுத்துக்கும், மத்ததுக்கு வெளிய ஒரு சென்சார் வைக்கணும். அடுத்தது ஆக்ஸ் டிஃபரென்ஷியல், செட் பண்ணினதை விட எவ்வளவு இறங்கினா ஆக்ஸைக் கூப்பிடணும்ங்கிறது, அரை டிகிரில இருந்தா 1.5-க்கு மாத்துங்க. மூணாவது அடாப்டிவ் ரெக்கவரி, காலையில 6 மணிக்கு 21 வேணும்னா ஆக்ஸ் இல்லாம ஏத்த முன்னாடியே எத்தனை மணிக்கு ஆரம்பிக்கணும்னு அதுவே கத்துக்கும், அதை ஆன் பண்ணி வைங்க. கம்ப்ரஸர் லாக் அவுட்னும் ஒண்ணு கண்ணுல படும், கரண்ட் ஹீட்டர் காயில் இருக்குற வீட்டுல கம்பெனி தனியா சொல்லாத வரைக்கும் அதை ஆஃப்ல விடுங்க, எவ்வளவு குளிரா இருந்தாலும் ஓடுற வரைக்கும் ஹீட் பம்ப் அந்தக் காயிலை விட மட்டம் இல்ல.

கேள்வி: ரொம்பக் குளிரா இருக்கும்போது ஈஎம் ஹீட்னு ஒரு பட்டன் இருக்கே, அதைப் போட்டுக்கலாமா?

பதில்: வேணாம். அதைப் போட்டா கம்ப்ரஸர் மொத்தமா நின்னுடும், வீடு முழுக்க காயில்ல மட்டும் சூடாகும். அது மெஷின் ரிப்பேர் ஆகி மெக்கானிக் வர்ற வரைக்கும் சமாளிக்க வச்ச பட்டன். குளிர் ஜாஸ்தியானா ஆக்ஸ் தானா வரும், நீங்க எதையும் அமுக்க வேணாம்.

கேள்வி: தம்பி, மருமகன் வீட்டுல புதுசா இதைப் போட்டிருக்காங்க. காத்து சூடாவே வரல, கை வச்சா வெதுவெதுன்னுதான் இருக்கு. நடுவுல வெளிய இருக்குற பொட்டில இருந்து புஸ்ஸுன்னு சத்தம், அப்புறம் புகையா வருது. எனக்குப் பயமா இருக்கு, அவங்க யாரும் கண்டுக்க மாட்டேங்கறாங்க.

பதில்: பயப்படாதீங்கம்மா, அது புகை இல்ல, நீராவி. குளிர்ல வெளி யூனிட் மேல பனி படியும், அதைக் கரைக்க மெஷின் கொஞ்ச நேரம் தலைகீழா ஓடி உள்ள இருக்குற சூட்டை வெளிய அனுப்பும், டீஃப்ராஸ்ட்னு பேரு. புஸ்ஸுன்னு கேக்குறது அந்த வால்வு திரும்புற சத்தம். வெளிய ஃபேன் நிக்கும், சில நிமிஷத்துல முடிஞ்சுடும், பெரும்பாலும் பத்து நிமிஷத்தைத் தாண்டாது. அந்த நேரத்துல உள்ள குளிர்க் காத்து வராம இருக்க ஆக்ஸ் ஹீட்டை போர்டே ஆன் பண்ணிக்கும், தெர்மோஸ்டாட்டுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. காத்து வெதுவெதுன்னு இருக்குறதும் இயல்புதான். கேஸ் ஃபர்னஸ் காத்து 50 டிகிரிக்கு மேல வரும், ஹீட் பம்ப் காத்து 32-ல இருந்து 40 வரைக்கும்தான், உங்க கையே கிட்டத்தட்ட அந்தச் சூட்டுல இருக்குறதால அது உறைக்காது, அதுக்குப் பதிலா ரொம்ப நேரம் ஓடும். ஆனா பொட்டி முழுக்க ஐஸ் கட்டி கெட்டியா மூடிட்டு மணிக்கணக்கா கரையாம இருந்தா மருமகன்கிட்ட சொல்லுங்க, அது கோளாறு.

கேள்வி: எங்க வீட்டுல ஹீட் பம்ப், கூடவே கேஸ் ஃபர்னஸ், ரெண்டும் இருக்கு. செட்டிங் அதேதானா?

பதில்: இல்லைங்க, இது டூயல் ஃப்யூயல், மெனுவுல ஆக்ஸ் எந்த வகைன்னு கேக்கும்போது கேஸ்னு சொல்லியே ஆகணும். கரண்ட்னு சொல்லிட்டீங்கன்னா ரெண்டையும் ஒண்ணா ஓட்டப் பாக்கும். ஃபர்னஸ் சூடாக்கின காத்து நேரா ஹீட் பம்ப் காயில் மேல போனா உள்ள பிரஷர் ஏறி கம்ப்ரஸர் ட்ரிப் ஆகும். ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு நிக்கணும். நான் கம்ப்ரஸர் லாக் அவுட்டை ஆஃப்ல விடச் சொன்னேன்ல, அது உங்களுக்குப் பொருந்தாது, எந்த வெளி வெப்பநிலைக்குக் கீழ போனா ஃபர்னஸுக்கு மாறணும்னு நீங்க கட்டாயம் நம்பர் போடணும். அந்த நம்பர் உங்க கேஸ் ரேட்டையும் கரண்ட் ரேட்டையும் வச்சு மாறும், கரண்ட் மலிவா இருந்தா நல்லாக் கீழ வைக்கலாம்.

கேள்வி: ஃபேனை ஆட்டோல வைக்கணுமா, ஆன்லயா?

பதில்: ஆட்டோ. ஆன்ல வச்சா குளிர் காலத்துல கம்ப்ரஸர் நின்ன நேரத்துல சூடில்லாத காத்து மேல அடிக்கும், வெயில் காலத்துல காயில்ல இருந்து வடிய வேண்டிய ஈரம் திரும்ப வீட்டுக்குள்ளயே வரும்.

கேள்வி: கழட்டின பழைய தெர்மோஸ்டாட் உள்ள வெள்ளி மாதிரி ஏதோ ஒரு குமிழ் ஆடுது சார். குப்பையில போடலாமா?

பதில்: போடாதீங்க, அது பாதரசம். கண்ணாடிக் குமிழ் உடையாம அப்படியே முழுசா ஒரு டப்பாவுல வச்சு மூடி, பெயிண்ட், பேட்டரியெல்லாம் வாங்குற அபாயக் கழிவு மையத்துல குடுத்துடுங்க. பசங்க கைக்கு எட்டாம வைங்க, அதை உருட்டி விளையாடணும்னு யாருக்கும் தோணும்.